காக்கை வந்த காட்சி

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுகிறேனா என்று பார்த்தார்கள். நான் அழவில்லை. முன் பெஞ்சில் கைகளைக் கோத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்த இயக்குநர் ஷைஜித்தின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒளிவிலகல் சொல்லிக்கொடுத்த நேரத்தில் நாலு சாத்து சாத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் வாசகசாலையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் படம் போடுவோம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, உட்கார மர பெஞ்சு, முடிந்ததும் பால் விடாத கட்டன்சாயா. பிலிம் சொசைட்டி என்று பெயர். ஈரானும் போலந்தும் பார்த்துவிட்டு, போகிற வழியில் மத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற கூட்டம் நாங்கள். எங்களிடம் ஒரு கட்டாய வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் முறை வைத்து ஒருவர் எழுந்து பேச வேண்டும். முதலில் பலம், பிறகு பலவீனம். பலத்தைச் சொல்லாமல் பலவீனத்துக்குத் தாவக் கூடாது. இயக்குநர் வந்திருந்தால் கேட்டதற்கு மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், வக்காலத்து வாங்கக் கூடாது. சட்டம் போட்டவர் செயலாளர் அம்பு மாஷ், பழைய வாத்தியார். எண்பது வயதிலும் அதை யாரும் மீற விடமாட்டார். இந்த மாதம் அவரே மீறப் பார்த்தார்.

"சுபாஷிணி டீச்சரே, இந்தத் தடவை சதானந்தன் வக்கீல் பேசட்டும். என்ன?"

"ஏன் மாஷே? முறை என்னோடதுதானே?"

"உங்களோடதுதான். இருந்தாலும்..."

"போன வருஷம் உங்க மச்சினன் எடுத்த படத்துக்கு நீங்க பேசினீங்களே. அரை மணி நேரம் பலமே தேடிட்டு இருந்தீங்க. அன்னிக்கு யாராவது உங்களை உட்காரச் சொன்னோமா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று உடனே வாயை மூடிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த ரசியா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், என்னை ஏச்சி, அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்.

"ஏச்சி, வீட்டுக்குப் போயிரலாம்."

"விடு ரசியா. பேசாம போனாத்தான் எனக்கு ஏதாவது ஆகும்."

எழுந்து முன்னால் போனேன். திரும்பி நின்றபோது, கடைசி வரிசையில் படிக்கட்டை ஒட்டி என் கணவர் கருணன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். வேட்டியின் கரை முழுக்கச் சேறு. அவர் வேட்டியை மடித்துக் கட்டுவதே இல்லை. அடைமழையிலும் தரையில் புரளவிட்டபடிதான் நடப்பார். கல்யாண மாப்பிள்ளை வருகிறார் என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். ஏன் அப்படி நடக்கிறார் என்று கேலி செய்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

படத்தின் பெயர் ஈரக்கை. கோயில் விழாக் கூட்டத்தில் ஆறு வயதுப் பையனைத் தொலைத்த ஒரு தாயின் கதை. படத்தில் அவள் பெயர் மாலினி, பையன் கிச்சு. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் மாலினி யார் என்று தெரியும். பதினோரு வருடங்களுக்கு முன்னால், எங்கள் பகவதி கோயில் விழாவான களியாட்டத்தில், மதியச் சாப்பாட்டு வரிசையில் என் மகன் நிவேத் காணாமல் போனான். கிணறு, குளம், ஆறு எல்லாம் தேடினார்கள். எதிலும் இல்லை. ரயிலில் ஒரு பையனை யாரோ கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இருந்தால் இப்போது அவனுக்குப் பதினேழு வயது. இருந்தால் என்று நான் சொல்வதில்லை, மற்றவர்கள் சொல்வது. அவன் இருக்கிறான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஷைஜித் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு வீட்டுக்கு வந்தான். சுற்றி வளைத்து, மென்று முழுங்கி, கடைசியில் கேட்டான்: "டீச்சரே, உங்க கதையைப் படமா எடுக்கட்டுமா?" அழுது புரள்வேன் என்று நினைத்திருப்பான். நான் அந்த நிமிடமே சரி என்றேன். போலீஸ் ஒட்டிய நோட்டீஸ் அந்த வருட மழையிலேயே கரைந்துவிட்டது. சினிமா அப்படிக் கரையாது. எங்கேயோ, எந்த மொழியையோ பேசிக்கொண்டு வளர்ந்து நிற்கிற ஒரு பையன் எந்த போனிலாவது அதைப் பார்க்கலாம். சாப்பாட்டு வரிசையைப் பார்க்கலாம், பகவதி வேடம் தலையில் சுமக்கிற சிவப்பு முடியைப் பார்க்கலாம், எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதே என்று ஒரு நிமிடம் நிற்கலாம். எனக்கு அது போதும். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"படத்துல குழந்தை சாகக் கூடாது."

"சாகவே சாகாது டீச்சர். எங்கம்மா மேல சத்தியம்."

அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பித்தேன்.

"முதல்ல பலம். மைக் செட்காரன். குழந்தையோட சட்டை நிறத்தைச் சொல்லிட்டு, அதே குரல்ல, ஒரு தங்கத் தோடு கிடைச்சிருக்கு, தொலைச்சவங்க கமிட்டி ஆபீசுக்கு வாங்கன்னு சொல்றான் பாருங்க. அது சத்தியமான விஷயம். அதை அப்படியே எடுத்திருக்கான்."

ஷைஜித் நிமிர்ந்தான்.

"ரெண்டாவது, அந்தச் சின்னப் பையன். அழுதுகிட்டு ஓட விடல. பலூனைப் பார்த்துட்டே, கால் சொறிஞ்சுட்டே கூட்டத்துக்குள்ள போறான். குழந்தைங்க அப்படித்தான் தொலையும். பயந்துட்டுத் தொலையறதில்ல."

"சரியான பாயின்ட்," என்றார் சதானந்தன் வக்கீல், தான் எழுதிய வசனம்போல.

"மூணாவது. பள்ளிக்கூடம் விட்டு மத்த பிள்ளைங்க வரும்போது மாலினி ஜன்னல்ல நின்னு பார்க்கறா. நான் பார்த்த சினிமாவுல எல்லாம் அந்த இடத்துல அம்மாக்காரி கண்ணு கலங்கும். இவ பல்லைக் கடிக்கறா. அந்தப் பிள்ளைங்களை வெறுக்கறா. நான் டீச்சர். எனக்கும் அப்படி இருந்துச்சு. ரெண்டு வருஷம் அடுத்தவங்க பிள்ளைங்களை வெறுத்துக்கிட்டே அவங்களுக்குப் பாடம் எடுத்தேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு தெரியல. அதுக்கு இவனுக்கு ஒரு கும்பிடு."

உண்மையாகவே கும்பிட்டேன். ஷைஜித்துக்குக் கண் நிறைந்துவிட்டது. திறமைசாலிதான் பாவி. திறமை இல்லாதவனாக இருந்திருந்தால் சனியன் தொலையட்டும் என்று விட்டிருப்பேன்.

"இனி பலவீனம்," என்றேன்.

அம்பு மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு என்னைத் தெரியும்.

"வளையல் கடை. மாலினி பையனோட கையை விட்டுட்டு வளையலைப் போட்டுப் பார்க்கறா. திரும்பினா பையனைக் காணோம். ஏண்டா ஷைஜித், பொம்பளைன்னா வளையல்தானா? அவளுக்குப் பித்தா? பிள்ளையைத் தொலைக்கிற அம்மான்னா ஏதாவது ஆசைப்பட்டிருக்கணும், இல்ல?"

"டீச்சர், அது ஒரு விஷுவலுக்காக..."

"வக்காலத்து கூடாது!" அம்பு மாஷ் கண்ணாடி இல்லாமலேயே அதட்டினார்.

"கை விட்டுப் போறதுக்கு ஆசையெல்லாம் வேணாம். ரொம்பச் சின்னக் காரணம் போதும். வரிசை நகருது, தரையெல்லாம் சாம்பார், வேட்டியை மடிச்சுக் கட்டணும். வேட்டி மடிச்சுக் கட்ட ரெண்டு கையும் வேணும். அவ்வளவுதான். மடிச்சுக் கட்டற நேரம். அதுக்குள்ள போயிடுச்சு."

பதினோரு வருடங்களாக ஊர் என்னைத்தான் பார்த்து உச் கொட்டியது. அம்மா கவனித்திருக்க வேண்டாமா என்று என் காதுபடவே பேசியது. அன்று நான் சாப்பாட்டு வரிசையிலேயே இல்லை, பெண்கள் பக்கம் இலை போட்டுக்கொண்டிருந்தேன். இதை நான் ஒரு இடத்திலும் வாய் திறந்து சொன்னதில்லை, என் மாமியாரிடம்கூட. கருணேட்டன் துண்டை முகத்திலிருந்து எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. தன் வேட்டிக் கரையைப் பார்த்தார்.

சதானந்தன் வக்கீல் தொண்டையைச் செருமினார். "டீச்சர், இதையெல்லாம் விடுங்க. கிளைமாக்ஸைப் பத்திச் சொல்லுங்க. கர்க்கடக வாவு அன்னிக்கு, அந்த அமாவாசையில, அவ கடல்ல செத்தவங்களுக்கான பலி போடறா, கை தட்டிக் கூப்பிடறா, அந்தக் காக்கா வருது. என்ன ஒரு ஷாட்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. ஒரு முடிவு வேணும் இல்லையா? மனசு ஆறணும்னா ஒரு முடிவு வேணும்."

"உங்க மனசா, என் மனசா?"

"பொதுவா சொல்றேன்."

"பொதுவா எவனுக்கும் பிள்ளை தொலையறதில்ல வக்கீலே. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத்தான் தொலையும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் ஷைஜித்தின் முன்னால் போய் நின்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்.

"குழந்தை சாகக் கூடாதுன்னு சொன்னேன். சத்தியம் பண்ணினியா இல்லையா?"

"சாகலையே டீச்சர். படத்துல எங்கயும் அவன் செத்துட்டான்னு சொல்லவே இல்ல. அம்மாவோட மனசு ஏத்துக்குது, அவ்வளவுதான். ஓபன் எண்டிங் டீச்சர்."

"சோறும் எள்ளும் உருட்டி வெச்சு, தர்ப்பை போட்டு, ஈரக்கையைத் தட்டிக் காக்காயைக் கூப்பிட்டா அது ஓபன் எண்டிங்கா? எந்த ஊர்ல?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் ஏன் இந்தக் கதையைக் கொடுத்தேன்னு உனக்குத் தெரியும். உங்கிட்டச் சொன்னேன். அவன் எங்கயாவது இதைப் பார்ப்பான்னு சொன்னேன். பார்க்கறான்னு வெச்சுக்கோ. சாப்பாட்டு வரிசையைப் பார்க்கறான், அடையாளம் தெரியுது, நெஞ்சு அடிச்சுக்குது. நம்ம அம்மா தேடறாங்கன்னு தெரியுது. அப்புறம் கடைசியில என்ன பார்க்கறான்? அம்மா அவனுக்குப் பிண்டம் வைக்கறா. முழுக்குப் போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம வீட்டுக்குப் போறா. அதுக்கு மேல அவன் எதுக்குடா வருவான்? நீயா இருந்தா வருவியா?"

"இதை நான் யோசிக்கல டீச்சர்."

"யோசிக்கல. எந்த ஊர் பட விழாவுக்கு அனுப்பறதுன்னு மட்டும் யோசிச்ச."

"போதும் டீச்சரே," என்றார் அம்பு மாஷ் மெதுவாக. "பையன் அழறான்."

"அழட்டும். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு மாஷே. முறை முடியல."

உண்மையில் அதற்காகத்தான் நான் எழுந்து வந்ததே. மற்றதெல்லாம் சொசைட்டி சட்டத்துக்காகப் பேசியவை. படம் ஓடும்போது, அந்தக் கடற்கரைக் காட்சியில், என் கால் கட்டைவிரலிலிருந்து ஒரு குளிர் ஏறியது. ரசியா கவனிக்கவில்லை. யாருமே கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடியவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் கடைசி வரிசையில் இருந்தார்.

"அந்தப் பலிக் காட்சியில மந்திரம் சொல்லிவைக்கற கர்மி கேக்கறார், யாருக்கு, பேரு நட்சத்திரம் சொல்லுங்கன்னு. மாலினி வாயே திறக்கல. பின்னாடியிலிருந்து ஒரு ஆம்பளைக் குரல் சொல்லுது. என்ன சொல்லுதுன்னு யாராவது கேட்டீங்களா?"

அலைச் சத்தத்தில் அது பாதி அமுங்கித்தான் கேட்டிருந்தது.

"கிச்சுன்னு சொல்லல. நிவேத், சதயம்னு சொல்லுது."

ரசியா "யா அல்லாஹ்" என்றாள்.

"ஷைஜித், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்தக் கர்மி நடிகனா?"

"இல்ல டீச்சர். நிஜக் கர்மி. நிஜ வாவு அன்னிக்கு, நிஜக் கூட்டத்துக்குள்ளதான் எடுத்தோம். அவ்வளவு கூட்டத்தை எங்களால ஏற்பாடு பண்ண முடியாது. அவருக்குக் கேமராவெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. வரிசையா எல்லாருக்கும் மந்திரம் சொல்லிட்டு இருந்தார். இங்க வந்து பேரு கேட்டார். நடிகைக்கு அது ஸ்கிரிப்ட்ல இல்ல, முழிச்சுட்டாங்க. அப்பத்தான்..." நிறுத்திவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தான். "எங்களுக்கு உதவிக்கு வந்திருந்தார். அவர் வந்தது டீச்சருக்குத் தெரியும்னு சொன்னார். அந்தக் குரல்ல ஒரு உண்மை இருந்துச்சு டீச்சர். அதனால அப்படியே விட்டுட்டேன்."

உண்மையாம். எங்கள் ஊரில் பலிக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லிவிட்டால் சொன்னதுதான். சோற்றை உருட்டியவள் கூலிக்கு நடிக்க வந்தவளா, கும்பிட வந்தவளா என்று கடலுக்கும் தெரியாது, கர்மிக்கும் தெரியாது. என் மகனுக்குப் பலி முடிந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி உதட்டுச் சாயத்தோடு உட்கார்ந்து முடித்துவைத்துவிட்டாள். நான் அன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு வாவுக்கும் அப்படித்தான் இருப்பேன். கருணேட்டன் தன் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"கருணேட்டா."

அவர் எழுந்து நின்றார். அறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

"எத்தனை வருஷமா நீங்களும் உங்க வீட்டு ஆளுங்களும் கேட்டீங்க. பலி போட்டுடலாம், அவன் ஆத்மா அலையும்னு. நான் உயிரோட இருக்கற வரைக்கும் முடியாதுன்னு சொன்னேன். உங்ககிட்டச் சண்டை போட்டேன், சாப்பிடாம கிடந்தேன். சரின்னு தலையாட்டினீங்க. தலையாட்டிட்டு, சினிமாக்காரன் பின்னாடி ஒளிஞ்சு நின்னு என் பிள்ளையைச் சாகடிச்சுட்டு வந்தீங்களா?"

"சுபே..."

"சுபேயும் வேணாம் ஒண்ணும் வேணாம். பதில் சொல்லுங்க."

"நான் அதுக்குன்னு போகல. சத்தியமா அதுக்குன்னு போகல. கர்மி கேட்டார். அந்தப் பொண்ணு முழிச்சுட்டு நின்னா. யாருமே பேசல. என் வாய்ல வந்துடுச்சு. வந்த பிறகு நிறுத்த முடியல. எனக்கு முடியல சுபே. உனக்குக் கோபப்படத் தெரியுது. நீ கோபத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கற. எனக்குப் புடிக்க என்ன இருக்கு? அவன் கையைப் புடிச்சிருந்த கை இது. தூங்கும்போதும் எதையோ புடிக்குது. எங்கயாவது ஒரு இடத்துல முடியட்டும்னு நினைச்சுட்டேன்."

ரசியா அழுதுகொண்டிருந்தாள். வக்கீல்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இப்போது நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"நானும் கடல்ல முங்கினேன்," என்றார் அவர். "திரும்பிப் பார்க்கக் கூடாதே, பார்க்காம நேரா பஸ்ஸுக்குப் போயிட்டேன். அன்னிலேர்ந்து ஒரே வேதனை. ஏத்துக்கிட்டானா இல்லையான்னு. இன்னிக்குத்தான் பார்த்தேன். காக்கா வந்துச்சு சுபே. நீயும்தான் பார்த்தியே. கை தட்டின உடனே வந்து எடுத்துச்சு. அவன் வாங்கிக்கிட்டான். இனிமேலாவது..."

முடிக்க முடியாமல் அழுதார். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் அழுதது வருத்தத்தில் இல்லை, நிம்மதியில். என் மகன் செத்துப்போனதற்குச் சாட்சி கிடைத்த நிம்மதி.

காக்கை வந்த காட்சியை மனதுக்குள் திரும்ப ஓட்டினேன். சாம்பல் நிற வானம். தூறல். கர்மியின் வெற்று முதுகில் மழைத்துளி. கடலும் மணலும் ஒரே நிறம். மாலினி கையைத் தட்டுகிறாள். அடுத்து, திரை நிறைய இலையும் உருண்டையும். காக்கை தத்தித் தத்தி வந்து கொத்துகிறது. அதன் கூடவே, மணலில், கறுப்பாக, கூர்மையாக இன்னொரு காக்கை.

"ஷைஜித்."

"டீச்சர்."

"கர்க்கடக மழையில, வெயிலே இல்லாத நேரத்துல, அந்தக் காக்காவுக்கு எப்படிடா நிழல் விழுந்துச்சு?"

அவன் முகம் வெளுத்தது. ஒளிவிலகல் பாடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த நாளில் இதே முகம்தான். வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான். அம்பு மாஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உள்ளதைச் சொல்லு மோனே," என்றார். "சட்டம் இருக்கு."

"அந்த ஷாட் அன்னிக்கு எடுத்தது இல்ல மாஷே." குரல் அவன் சட்டைப் பொத்தானைத் தாண்டவில்லை. "அன்னிக்குக் காக்கா வரல. உச்சி வரைக்கும் காத்துட்டு இருந்தோம். பக்கத்துல இருந்தவங்க வெச்சதையெல்லாம் வந்து எடுத்துச்சு. இதை மட்டும் தொடல. நாலு பேர் மாத்தி மாத்திக் கை தட்டிப் பார்த்தோம். கர்மியே வந்து தட்டினார். கேமராவைப் பார்த்து மிரண்டிருக்கும். கடைசியில அலை வந்து உருண்டையை அடிச்சுட்டுப் போயிடுச்சு."

"அப்புறம்?"

"ஓணம் கழிஞ்சு, மீன் இறங்கற துறையில எடுத்தோம். சோத்துக்குள்ள மத்தித் தலை வெச்சு. எடிட்டிங்ல சேர்த்துட்டோம்."

"மத்தித் தலையா!" என்றார் வக்கீல். உடம்பெல்லாம் சிலிர்த்த மனிதர்.

கருணேட்டன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வரலையா?"

"வரல கருணேட்டா."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட வரல. நீங்க முங்கிட்டு அப்படியே போயிட்டீங்க. சொல்லணும்னு எனக்குத் தோணல. உங்களுக்கு அது இவ்வளவு பெரிய விஷயம்னு தெரியாது."

நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து அவர் முன்னால் போய் நின்றேன். எனக்கு இந்தக் காக்கை, எள், தர்ப்பை எதிலும் நம்பிக்கை கிடையாது. கேமராவைப் பார்த்து மிரண்டிருக்கும், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் அப்படித்தான் சொல்வேன். ஆனால் என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் எனக்கே வெட்கமாக இருந்தது.

"எனக்கு இதெல்லாம் தெரியாது," என்றேன். "நீங்க நம்பறவர். பலி வெச்சு, பேரு நட்சத்திரம் சொல்லி, காக்கா தொடலைன்னா, வாங்கிக்க ஆள் அந்தப் பக்கம் இல்லைன்னா, என்ன அர்த்தம்? சொல்லுங்க."

"சுபே, எல்லாரும் இருக்காங்க..."

"அன்னிக்கும் எல்லாரும் இருந்தாங்க. கடற்கரை நிறைய இருந்தாங்க. அன்னிக்குச் சத்தமாச் சொன்னீங்க, எனக்குத் திரையிலேயே கேட்டுச்சு. இன்னிக்கும் அதே மாதிரி சொல்லுங்க. பேரு, நட்சத்திரம் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பதினோரு வருடங்களில் அவர் என்னை நேராகப் பார்த்த நாள் நினைவில் இல்லை. இரண்டு கைகளும் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்திருந்தன.

"நிவேத்," என்றார். "சதயம்." மூச்சு வாங்கினார். "உயிரோட இருக்கான்."

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."

"உயிரோட இருக்கான்!"

கத்திவிட்டார். கீழே சாயா போட்டுக்கொண்டிருந்தவன் என்ன ஆயிற்றோ என்று படியேறி ஓடி வந்தான். அம்பு மாஷ் எழுந்து போய், தன் கையாலேயே ஜன்னலில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தார். வெளியே மழை விட்டிருந்தது.

"ஷைஜித்," என்றேன். "அந்தக் குரலை எடு. காக்காவையும் எடு. அவ கை தட்டறதோட நிறுத்து. அப்புறம் எங்க வேணும்னாலும் கொண்டு போய்ப் போடு."

"சரி டீச்சர்."

"அம்மா மேல சத்தியம் எல்லாம் வேணாம். எடுத்துட்டு வந்து எங்கிட்டக் காட்டு."

திரும்பி என் இடத்துக்கு வந்தேன். கருணேட்டனை நான் மன்னிக்கவில்லை. அன்றும் இல்லை, இதைச் சொல்கிற இன்றும் இல்லை. ரசியா நகர்ந்து இடம் விட்டாள். என் முறை முடிந்திருந்தது. உட்கார்ந்தேன்.